எவரைக் கேட்டு எழுதினீர்கள்?

அரசு ஒரு கொள்கையை வகுக்க முற்படுகிறது. வரைவு வெளியாகிறது. "பொதுமக்கள் தங்கள் கருத்துகளை இன்ன தேதிக்குள் தெரிவிக்கலாம்" என்று ஓர் அறிவிப்பும் அதனோடு வருகிறது. தேதி கடந்ததும், "மக்களின் கருத்தறிந்து வகுக்கப்பட்ட கொள்கை" என்று ஒரு வாக்கியம் முகவுரையில் ஏறி அமர்ந்துகொள்கிறது. இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் நமக்கு வழக்கு. எந்த மக்கள்? எம்மொழியில் கேட்கப்பட்டார்கள்? அவர்கள் சொன்னவற்றுள் கொள்ளப்பட்டது எது, தள்ளப்பட்டது எது, தள்ளப்பட்டதற்குக் காரணம் யாது? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்காதவரை அவ்வாக்கியம் ஓர் அணிகலனே தவிர உண்மை ஆகாது.

உழவுக் கொள்கை என்றால் உழவர் வாய் திறக்கிறார். மதுக் கொள்கை என்றால் தாய்மார் தெருவுக்கே வந்துவிடுகின்றனர். தகவல் தொழில்நுட்பக் கொள்கை என்றால் மட்டும், "அது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளின் விவகாரம், சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவர்கள் பேசிக்கொள்ளட்டும்" என்று எல்லோரும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் இவ்வெண்ணத்துக்கு நியாயம் இருந்தது. 1997-ஆம் ஆண்டில் தமிழக அரசு தன் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டபோது, பேச்செல்லாம் நிலம், கட்டடம், மின்சாரம், சலுகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றியே இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். அதனால் பிழைத்தோரும் பலர். அக்கட்டடத்தின் வாசலைத் தாண்டி அக்கொள்கை நம் அடுக்களைக்குள் வரவில்லை.

இன்று வந்துவிட்டது. குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கல்வி உதவி, பட்டா, வாரிசுச் சான்று என்று அரசுக்கும் நமக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு வாசலிலும் ஓர் இயந்திரம் காவல் நிற்கிறது. மாநிலத்திலுள்ள குடும்பங்களை எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் தொகுப்பது பற்றியும், ஒவ்வொருவருக்கும் "மக்கள் ஐடி" என்னும் எண் வழங்குவது பற்றியும் 2022-ஆம் ஆண்டில் பேசப்பட்டது. குடும்பத்தைத் தொகுக்கிறோம் என்கிறார்கள். குடும்பம் என்பது யாது என்று குடும்பத்தாரைக் கேட்டார்களா என்பதே நம் வினா.

இதை வெறும் வாதமாக நாம் எழுப்பவில்லை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டம், அதில் நமக்கு ஐயமில்லை. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவிட்டிருக்கக் கூடாது, நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. அரசுத் துறைகளிடம் ஏற்கெனவே உள்ள தரவுகளோடு விண்ணப்பங்கள் ஒப்பிடப்பட்டன. விடுபட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் தரப்பட்டது. மேல்முறையீடுகளைப் பார்த்த பிறகு, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மகளிர் புதிதாகச் சேர்க்கப்பட்டதாக அவ்வாண்டு நவம்பரில் அரசே அறிவித்தது.

காரணம் சொன்னார்கள், மேல்முறையீட்டுக்கு வழி வைத்தார்கள், திருத்திக்கொண்டார்கள். இதற்காக அரசைப் பாராட்டாமல் இருப்பது நேர்மையன்று. ஆயினும் அந்த 7 லட்சம் என்னும் எண்ணைச் சற்று நின்று பாருங்கள். சல்லடையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைச் சல்லடை செய்தவன் அறியவில்லை. அதில் விழுந்தவர்கள் அறிந்திருந்தார்கள். மின்சார விதியையே கொள்ளுங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண்மக்கள் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் நீண்டகாலமாக உள்ளது. ஒரே கூரையின் கீழ் தாயும், இரு மகள்களும், அவர்தம் பிள்ளைகளும் வாழும் வீட்டில் உலை மூன்றாக இருக்கலாம். மின் இணைப்பு ஒன்றாக இருக்கலாம். மூன்று குடும்பங்களின் விளக்கும் விசிறியும் ஒரே கணக்கில் ஏறினால், இயந்திரத்தின் பார்வையில் அது ஒரு செல்வர் வீடு. இவ்வாறு விடுபட்டவர்கள் இத்தனை பேர் என்று கணக்குச் சொல்ல நாம் வரவில்லை. கீழக்கரையில் உள்ள ஒரு கிழவி, வரைவு எழுதப்பட்ட அன்றே இதைச் சொல்லியிருப்பாள் என்கிறோம். அவளைக் கேட்கவில்லை.

இனி, பெயர் விஷயம். அரபியும் தமிழும் கற்பித்தே தலை நரைத்த நமக்கு இதைப்பற்றிச் சற்று விரிவாகப் பேச உரிமை உண்டு.

அரபியில் ஸீன், ஸா, ஸாத் என்று மூன்று எழுத்துகள். மூன்றும் வெவ்வேறு ஒலி. எழுத்து மாறினால் சொல்லின் பொருளே மாறும். தமிழில் மூன்றுக்கும் "ஸ" ஒன்றே. வடமொழி எழுத்தை விரும்பாதவர் கையில் அதுவும் "ச" ஆகிவிடும். ஹகரம் இரண்டு வகை. தமிழில் சிலர் "ஹ" என்பர், சிலர் "க" என்பர், சிலர் அடியோடு விட்டுவிடுவர். ஆகவே ஒரே பெண்மணி பள்ளிச் சான்றிதழில் ஃபாத்திமா, குடும்ப அட்டையில் பாத்திமா, பத்திரத்தில் பாத்துமா பீவி, பாட்டி வைத்த செல்லப்பெயரே நிலைத்துவிட்டதனால் வாக்காளர் பட்டியலில் பாத்துமுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்தை எஃப் என்று சிலரும் பி என்று சிலரும் எழுதுவர்; நடுவே எச் சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. சாகுல் ஹமீது, ஷாஹுல் ஹமீத், சாவுல் அமீது எல்லாரும் ஒருவரே. மரைக்காயர் மரக்காயராகவும் மரிக்காராகவும் நடமாடுகிறார். தந்தையின் பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தாக நிற்கும். கடவுச்சீட்டில் அது முழுதாக விரிந்து, பிள்ளையின் பெயருக்குப் பின்னே போய் நிற்கும்.

மனிதர் மனிதரைப் பார்த்த காலத்தில் இது இடையூறாக இருந்ததில்லை. கிராம நிர்வாக அலுவலர் முகத்தைப் பார்த்தார், "இன்னார் மகள்தானே" என்றார், கையெழுத்திட்டார். இயந்திரத்துக்கு முகம் இல்லை. ஓர் எழுத்துப் பிறழ்ந்தால் அதற்கு அவர் வேறு ஆள். நம் மக்தபுக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய்மார், கையில் நாலு காகிதத்தை வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், நாலிலும் நான்தானே இருக்கேன், இல்லேங்கிறாங்களே" என்று கேட்கும்போது, எந்த இலக்கண நூலை எடுத்து அவர்களுக்கு விடை கூறுவது?

"இயந்திரம் அப்படித்தான்; என்ன செய்வது?" என்பார் சிலர். இது அறியாமை. எத்தனை எழுத்து வேறுபட்டாலும் ஒருவரே என்று கொள்ளலாம், எந்த எழுத்துக்கு எந்த எழுத்து மாற்றாக வரும் என்றெல்லாம் இயந்திரத்துக்குக் கற்பிக்க இயலும். கற்பிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. முஹம்மது என்ற பெயர் ஒரு தெருவிலேயே பத்துப் பேருக்கு இருக்கும்; தந்தை பெயரும் ஒத்திருக்கும். அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்தால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவர். ஒருவருடைய கடன் மற்றவர் தலையில் ஏறும். எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும், ஐயம் எழும் இடத்தில் மனிதர் ஒருவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விதிக்க வேண்டுமா? இவை பொறியியல் வினாக்கள் அல்ல, கொள்கை வினாக்கள். இவற்றைத் தீர்மானிக்கும் இடம் வரைவு. வரைவு எழுதும் அறையில் பாத்துமுத்துவை அறிந்தவர் எவரும் இல்லையென்றால், அவள் அந்த இயந்திரத்துக்குள் பிறக்கவே மாட்டாள்.

இங்கே வல்லுநர்கள் குறுக்கிடுவர். "இவையெல்லாம் நுட்பமான துறை. பாமரர் என்ன கருத்துச் சொல்லப் போகிறார்? ஆயிரம் பேரைக் கேட்டால் ஆயிரம் குழப்பம்" என்பர். இக்கூற்றை மறுக்க நாம் அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு தமிழிணையம் மாநாட்டைக் கூட்டியது. அந்நாளில் கணினித் தமிழ் பட்ட பாடு அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் திறந்தால் கோழி கிளறிய குப்பையாகத் தெரியும். விசைப்பலகையும் அவ்வாறே. தமிழகத்தாரும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் அமர்ந்து வாதிட்டனர். அதே ஆண்டு ஜூனில் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு என்று அமைந்த அந்த விசைப்பலகை இன்றும் பல்லாயிரம் விரல்களுக்குக் கீழே இருக்கிறது. குறியீட்டு முறைகள் நிலைக்கவில்லை. 2010-இல் யூனிகோடு முறைக்கு அரசு மாறிற்று. அதனால் என்ன? கேட்டுச் செய்ததில் ஒன்று நின்றது, ஒன்று மாறியது. கேளாமல் செய்திருந்தால் இரண்டும் நின்றிருக்குமா?

அதே 2010-ஆம் ஆண்டில், கிரந்த எழுத்துகளை யூனிகோடு முறையில் சேர்ப்பது பற்றிய முன்மொழிவுகள் எழுந்தன. தமிழறிஞர்கள் குரல் எழுப்பினர். மாநில அரசு அறிஞர்களைக் கூட்டிப் பேசி, முடிவைத் தள்ளிவைக்குமாறு மைய அரசைக் கேட்டுக்கொண்டது. ஹ, ஜ, ஸ, ஷ இல்லாமல் தம் பிள்ளைகளின் பெயரையே எழுத முடியாத நாம், அந்த வாதத்தில் எப்பக்கம் நிற்பது என்பது வேறு கதை. பேசியவர்களின் குரல் கேட்கப்பட்டது என்பதே இங்கு வேண்டுவது.

மேலும், கேட்பது அரசின் பெருந்தன்மையும் அன்று. இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997, தொழில்நுட்பக் கொள்கை வந்த அதே ஆண்டு! பின்னர் வந்த 2005-ஆம் ஆண்டின் மையச் சட்டம் தன் நான்காம் பிரிவில் தெளிவாகவே பேசுகிறது. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே அவை தொடர்பான விவரங்களை எல்லாம் வெளியிட வேண்டும். பாதிக்கப்படுவோருக்கு முடிவின் காரணங்களைக் கூற வேண்டும். வெளியிடும்போது வட்டார மொழியையும், அவ்வட்டாரத்தில் எம்முறையில் சொன்னால் மக்களைச் சென்றடையும் என்பதையும் கருத வேண்டும். வட்டார மொழி! 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியான மாநிலத்தில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஏன் நினைவூட்டுகிறோம் என்றால், 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு கொள்கையை வெளியிட்டது. தொழில் கூட்டமைப்பு ஒன்றோடு இணைந்து நடத்தப்பட்ட தொழிற்துறை மாநாட்டில் வெளியிட்டது. பாதுகாப்பு, அறநெறி என்னும் சொற்கள் அதன் பெயரிலேயே உள்ளன. இயந்திரத்தின் முடிவு நியாயமானதா, வெளிப்படையானதா, எளியோரைப் புறந்தள்ளுகிறதா என்று சோதிக்க "டாம்–டெஃப்" என்றும் "டீப்–மேக்ஸ்" என்றும் இரு அளவுகோல்களை அது வகுத்தது. கருத்தைக் குறை சொல்லோம். இத்தகைய அக்கறை வேறு பல அரசுகளுக்கு அன்று தோன்றவே இல்லை. ஆனால் எளியோரைக் காக்க எழுந்த ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தொழிலதிபர்கள் கூடிய அவையில் அரங்கேறுகிறது என்றால், அந்த எளியவர் தம்மைக் காக்க இப்படியோர் அளவுகோல் இருப்பதை எவ்வாறு அறிவார்? அறியாத அளவுகோலை எடுத்துக்காட்டி எந்த அலுவலகத்தில் நியாயம் கேட்பார்?

மைய அரசின் வழக்கம் இன்னும் விந்தையானது. சட்ட முன்வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எளிய நடையில் விளக்கம் தர வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டில் அதுவே முடிவு செய்தது. ஆனால் 2022 நவம்பரில் தனிமனிதத் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகளைத் தாம் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கப் போவதாகவும், ஆகவே அவற்றை வெளியிடமாட்டோம் என்றும் கூறிற்று. 2025 ஜனவரியில் அச்சட்டத்தின் விதிகளுக்கான வரைவு வந்தபோதும் இதே பேச்சு. நம்பிக்கைப் பொறுப்பு என்பதற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு: அமானிதம். அமானிதத்தின் இலக்கணம் யாது? உரியவரிடம் உரிய வேளையில் ஒப்படைப்பது. எவர் கண்ணிலும் படாமல் புதைத்துவிட்டு, "அமானிதமாக வைத்திருக்கிறேன்" என்று சொல்பவரை நம் ஊரில் வேறு பெயரிட்டு அழைப்பார்கள். பெருநிறுவனம் என்ன சொன்னது, ஏழை என்ன சொன்னார், யார் சொல்லுக்கு எந்த வரி வளைந்தது என்பது தெரியக் கூடாது என்றால், கருத்துக் கேட்பு எதற்கு? மாநில அரசுகள் இப்பாடத்தை மட்டும் டில்லியிடமிருந்து படித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மதரஸாக்களில் ஓதப்படும் பழைய கிதாபுகளைப் பார்த்தவர்கள் அறிவர். நடுவே மூலம், அதைச் சூழ்ந்து விரிவுரை, அதற்கும் வெளியே கரையில் ஹாஷியா என்னும் குறிப்புரை. மூலத்தை எழுதியவர் ஒருவராக இருக்க, நூறாண்டு கழித்து வந்தவர் கரையில் நின்று, "இவ்விடத்தில் ஆசிரியர் கூற்று பொருந்தவில்லை, காரணம் இது" என்று எழுதுவார். அந்த மறுப்பையும் சேர்த்தே அச்சிட்டார்கள். அதையும் சேர்த்தே ஓதினோம். மறுப்பு அச்சேறியதால் மூல ஆசிரியரின் மதிப்புக் குறைந்ததில்லை. அரசின் வரைவுகளுக்குக் கரை இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை அவர்களே எழுதிவிடுகிறார்கள். வரைவோடு வந்த மறுப்புகளையும், அவற்றுக்கு அரசு தரும் விடைகளையும் பின்னிணைப்பாக வெளியிட என்ன தடை? ஆலோசனையைக் குறிக்கும் ஷூரா என்ற அரபுச் சொல்லின் வேருக்குத் தேனடையிலிருந்து தேன் எடுப்பது என்ற பொருளும் உண்டு. தேனெடுக்கக் கை நீட்டுபவர் கொட்டுக்கு அஞ்சலாகாது.

இத்தனையும் அரசுக்குச் சொன்னோம். நம் ஜமாஅத்துகளுக்கும் சொல்ல இருக்கிறது. பள்ளிவாசல் மினாராவின் உயரத்தைப் பற்றி மூன்று வெள்ளிக்கிழமை பேசும் நிர்வாகிகள், மஹல்லாவிலுள்ள முந்நூறு குடும்பங்களின் பெயர் எந்தத் தரவில் எப்படி ஏறியிருக்கிறது என்பதைப் பற்றி மூன்று நிமிடம் பேசுவதில்லை. "நமக்கு எதற்கு அரசியல்?" என்பது விடை. பெயர் எழுதுவது அரசியலா? நம் முன்னோர், அரபி எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளுக்குப் புள்ளியும் கோடும் கூட்டிப் புதிய வடிவங்கள் படைத்து, அரபுத்தமிழ் என்றோர் எழுத்துமுறையையே நிறுவினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அம்முறையில் எழுதிய நூல்கள் நம் பெண்மக்களின் கையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கின. தம் மொழிக்கு எழுத்து போதவில்லை என்று கண்டதும் எழுத்தையே செய்துகொண்டவர்களின் பேரர்கள், தம் பெயருக்கு எழுத்து பிறழ்ந்ததைச் சொல்ல ஒரு கடிதம் எழுத அஞ்சுவது நமக்கு விளங்கவில்லை. தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் பணிக்கு அரசு பணம் ஒதுக்கும்போது, நம் பரண்களில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளும் தமிழே என்று எழுந்து நின்று சொல்ல வேண்டியவர்களும் இவர்கள்தாம்.

எங்கே சொல்வது என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்களைத் தொடும் எந்தத் தொழில்நுட்பக் கொள்கையின் வரைவும் இந்நாட்களில் ஒன்றிலேனும் தமிழில் உரக்கப் படிக்கப்பட்டு, கேள்வி கேட்க இடம் தரப்பட்ட பின்னரே முற்றுப்பெற வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். 30 நாள் போதாது. அடுத்த கிராம சபை வரும்வரை பொறுக்கலாம், கொள்கை ஒன்றும் கெட்டுப்போகும் பண்டம் அன்று. நகரங்களுக்கு வார்டு அளவில் இப்படியோர் ஏற்பாடு வேண்டும். மின்னஞ்சலில் வந்தால்தான் கருத்து, அஞ்சலட்டையில் வந்தால் கருத்தன்று என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் விடை வர வேண்டும்.

அரசு இதற்கு இசையும்வரை ஜமாஅத்துகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. மணமக்கள் பெயர், தந்தையர் பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் அதில் உண்டு. பல ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு உண்டு. அரபியும் தமிழும் அறிந்த இமாமும், கணினி அறிந்த இளைஞர் இருவரும் ஒரு மாதம் அமர்ந்தால், ஒரு பெயர் நம் ஊரில் எத்தனை வடிவங்களில் எழுதப்படுகிறது என்பதற்கு ஒரு பட்டியல் ஆயத்தமாகும். தனியார் விவரம் எதுவும் வெளியே போக வேண்டியதில்லை. பெயர் வடிவங்கள் மட்டும் போதும். அடுத்த வரைவு வரும்போது "எங்கள் கருத்து இது" என்று அந்தப் பட்டியலை இணைத்து அனுப்பலாம். காயல்பட்டினத்துப் பட்டியலும் கீழக்கரைப் பட்டியலும் மேலப்பாளையத்துப் பட்டியலும் ஒன்றுபோல் இரா. ஃபாத்திமாவில் தொடங்குவது எளிது. மரைக்காயருக்கு வரும்போது கொஞ்சம் வாதம் எழும்.